கொக்கியிலிருந்து கணக்குப் போடுங்கள்

மீட்புச் சாமான் வாங்கக் கடைக்குப் போகும் முன், வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். பழைய சாக்கு ஒன்றை விரித்துப்போட்டு முன் பம்பருக்குக் கீழே தலையை நீட்டினால் போதும். சேசிஸில் கொக்கி எங்கே இருக்கிறது, எத்தனை போல்ட் அதைப் பிடித்திருக்கிறது, போல்ட்டில் துரு ஏறியிருக்கிறதா, பின்பக்கமும் அதுபோல் ஒன்று உண்டா என்று பாருங்கள். இந்த அத்தியாயத்தில் வரப்போகும் கயிறு, ஷாக்கிள், வின்ச் எல்லாம் அந்தக் கொக்கி தாங்கும் அளவுக்கு உட்பட்டவைதான். பத்து டன் தாங்கும் கயிறு வாங்கி, மூன்று டன்னில் பிய்ந்துவிடும் கொக்கியில் மாட்டினால் உங்களிடம் இருப்பது மூன்று டன் கயிறு. கூடவே, பறக்கக் காத்திருக்கும் ஓர் இரும்புத் துண்டு.

இதை நான் சாத்தான்குளம் பக்கம் ஒரு தேரித் தோட்டத்தில் கற்றுக்கொண்டேன். நண்பரின் பழைய ஜிப்ஸி செம்மணலில் முன் ஆக்சில் வரை இறங்கிவிட்டது. எங்களிடம் இருந்தது லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிறு. அதை இரட்டையாக மடித்து, பார்ப்பதற்கு வாட்டசாட்டமாக இருந்த முன்பக்க கிராஷ் கார்டில் கட்டினோம். முதல் இழுப்பில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது இழுப்பில் கார்டு மட்டும் கழன்று, நின்றுகொண்டிருந்த என் இடுப்பு உயரத்தில் பறந்து போய் முந்திரி மரத்தடியில் விழுந்தது. ஜிப்ஸி இருந்த இடத்திலேயே இருந்தது. கார்டு பாடியோடு இரண்டு எட்டு மில்லிமீட்டர் போல்ட்டால் மட்டும் பிடிக்கப்பட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம்.

தார், ஜிம்னி, கூர்க்கா போலச் சேசிஸ் தனியாக இருக்கும் வண்டிகளில் கொக்கி தேடுவது எளிது. சேசிஸ் தனியாக இல்லாத கார் வகை எஸ்யூவிகளில் ஸ்டெப்னி அடியில் உள்ள டூல் பையில் ஒரு திருகு வளையம் கிடக்கும். அது தார் ரோட்டில் பழுதான வண்டியை மெல்லக் கட்டி இழுத்துப் போவதற்கானது. மணலில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும்போது, அதுவும் பக்கவாட்டில் இழுத்தால், வளைந்துவிடும் அல்லது ஒடியும். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் கயிறு வாங்குவதைத் தள்ளிப்போட்டு, அடுத்து வரும் காற்றையும் மம்மட்டியையும் நம்புவது நல்லது. டிரெய்லர் மாட்டும் உருண்டையை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். அது ஒடிந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஆளைக் கொன்ற விபத்துகள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. அவ்வளவு நேர்த்தியாகக் குண்டுபோல் வார்த்த இரும்பு வண்டியில் வேறு எதுவும் இல்லை.

எவ்வளவு இழுக்க வேண்டும்?

ராணுவ மெக்கானிக்குகளிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. சேறோ மணலோ சக்கரத்தளவுக்கு ஏறியிருந்தால் வண்டியின் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை ஏறியிருந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே உடம்பு வரை மூழ்கியிருந்தால் மூன்று மடங்கு. ஆட்களும் சாமானும் ஏறிய தார் இரண்டு டன்னைத் தாண்டும். மட்கார்டு வரை புதைந்தால் நாலு டன்னுக்கு மேல் இழுக்க வேண்டும் என்றாகிறது. வெறும் வண்டியே 1,200 கிலோ அளவில் நிற்கும் ஜிம்னிக்கு இதே நிலையில் மூன்று டன்னுக்குச் சுற்றி வரும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லோரும் பெரிய கயிறு தேடுகிறார்கள். நான் இதைத் திருப்பிப் படிக்கச் சொல்வேன். மட்கார்டு அளவைத் தோண்டிச் சக்கர அளவாக்கிவிட்டால் தேவையான இழுவை பாதியாகிறது. கால் மணி நேரத் தோண்டல் செய்யும் வேலை, இரண்டு மடங்கு விலைக் கயிறு செய்யும் வேலைக்குச் சமம். கொக்கிக்கும் அந்த அளவு பாரம் குறைகிறது. ஆகவே பையில் முதலில் ஏறவேண்டியது மம்மட்டி.

மடக்கு ஷவல் என்று கைக்கு அடக்கமான ஒன்றை விற்கிறார்கள். படத்தில் அழகாக இருக்கும். நம் ஊர் மம்மட்டி அதைவிட மேல். ஷவல் மண்ணை முன்னால் தள்ளி அள்ளும். வண்டிக்கு அடியில் அதற்கு இடம் இருக்காது. மம்மட்டி மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். மண்டியிட்டுக்கொண்டு டிஃபரென்ஷியலுக்கு அடியில் அடைத்த மணலை வாரி வெளியே போட இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கொல்லுப்பட்டறையில் இரண்டடிக் காம்பு போட்டுக் கேட்டால் கொடுப்பார்கள், டிக்கியில் குறுக்காக அடங்கும்.

காற்று

மம்மட்டிக்கு அடுத்தது கயிறு என்று நினைத்தால் அதுவும் இல்லை, கம்ப்ரெஸர். ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் டயரை மணலில் 18 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து, அதே எடையைக் கூடுதல் பரப்பில் தாங்கும். புதைந்த பிறகு இறக்கினாலும் பலன் உண்டு என்றாலும், மணலில் இறங்கும் முன்பே இறக்கியவர்கள் பெரும்பாலும் புதைவதே இல்லை. மிகவும் சிக்கிவிட்டால் 15 வரை போகலாம். அதற்கும் கீழே, குறிப்பாக 12-ஐத் தொட்டுவிட்டு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து இருக்கிறது. காற்று குறைந்த டயரில் வேகமும் குறைய வேண்டும்.

காற்றை இறக்க ஒரு குச்சி போதும். ஏற்றத்தான் கருவி வேண்டும். அது இல்லாததால்தான் பலர் இறக்கவே தயங்குகிறார்கள், தயங்கிப் புதைகிறார்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னப் பம்ப் நாலு டயரையும் 18-லிருந்து 32-க்கு ஏற்றுவதற்குள் சூடாகி நின்றுவிடும், அல்லது ஃபியூஸை எடுத்துவிடும். பேட்டரி முனைகளில் நேரடியாகக் கிளிப் மாட்டும் வகையைப் பாருங்கள். ஒரு கேஜும் ட்யூப்லெஸ் பஞ்சர் கிட்டும் அதே பையில் போகட்டும்.

எந்த மண்?

தமிழ்நாட்டில் வண்டி சிக்கும் மண்களை மூன்றாகச் சொல்லலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத் தேரிகளில் மணல். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல். மலையேறினால் பாறை. ஒன்றுக்கான பை மற்றொன்றுக்குப் பாதிதான் உதவும்.

தேரியைப் பற்றி மேலே சொன்னதே பெரும்பாலும் போதும். தேரிகளில் பல பகுதி காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் உள்ளே போய்ச் சிக்கினால் வண்டியை மீட்பதைவிட வழக்கிலிருந்து மீள்வது கடினம். பட்டா நிலத்தில், உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.

கரிசல் வேறு பிராணி. காய்ந்திருக்கும்போது சிமென்ட் தரை மாதிரி இருக்கும். ஒரு மழை பெய்தால், நீரை உறிஞ்சி உப்பும் களிமண் அது. டயர்ப் பள்ளங்களில் அப்பிக்கொண்டு டயரை வழவழத்த உருளையாக்கிவிடும். காற்றைக் குறைப்பதால் இங்கே பெரிய லாபம் இல்லை. பலகை வைத்தால் பலகையும் சேர்ந்து அமிழும். ஒரு முனையில் கலர்க் கயிறு கட்டி வைக்காவிட்டால் அதைத் தேடவே தனியாகத் தோண்ட வேண்டும். கரிசலில் மழைக்குப் பின் நல்ல மீட்புக் கருவி ஒரு பகல் வெயில். காத்திருக்க முடியாதென்றால் டிராக்டர்.

பாறைத் தடத்துக்குக் கொழுக்குமலை நல்ல உதாரணம். சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் தவழ்ந்து ஏறும் அந்தப் பாதையில் புதைய மண்ணே இல்லை. அங்கே தோற்பது டயரின் பக்கச் சுவர், அதற்கு பஞ்சர் கிட் உதவாது. நல்ல நிலையில் உள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடி சதுரத் தடித்த பலகை, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க இரண்டு கட்டை. இவ்வளவு போதும். உயரமான இரும்புப் பல்ஜாக்கி பற்றிக் கேட்பார்கள். அது தூக்குவதற்கு பம்பரில் உறுதியான இடம் வேண்டும். இன்றைய பிளாஸ்டிக் பம்பர்களில் அந்த இடம் கிடையாது. கைப்பிடி திருப்பி அடித்தால் தாடை போகும். கூரையில் மாட்டிப் படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பலகை

1920-களின் பிற்பகுதியில் எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்ட், ஃபோர்டு கார்களை எடுத்துக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில், முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரை போடச் செய்த எஃகுச் சட்டங்கள் அவர் கண்ணில் பட்டன. அவற்றைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு வண்டியை மணலிலிருந்து ஏற்றினார். டயர் காற்றைக் குறைப்பதும் அவர் கடைப்பிடித்த வழிதான். 1940-இல் அவர் தொடங்கிய பாலைவனத் தொலைதூரப் படையின் லாரிகளிலும் அதே சட்டங்கள் போயின. இன்று ஆரஞ்சு நிறத்தில் விற்கும் பிளாஸ்டிக் பலகை அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை.

தனியாகப் போகிறவருக்குக் கயிற்றைவிடப் பலகை மேல். கயிற்றுக்கு இன்னொரு வண்டி வேண்டும், பலகைக்கு யாரும் வேண்டாம். சக்கரத்துக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, பலகையின் முனை டயரைக் கவ்வும்படி செருகி, முதல் கியரில் மெதுவாக ஏறுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டால் டயரின் சூட்டில் பலகையின் பற்கள் உருகி வழுக்கும், பலகை பின்னால் எகிறும். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. பலகை இல்லாத அன்று பனைமட்டையும் தென்னைமட்டையும் அதே வேலையைச் செய்யும். பனைமட்டையென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கருக்கு கிழித்துவிடும்.

கயிறு

அதிகக் குழப்பம் இங்கேதான். கடைக்காரருக்கு எல்லாமே ‘டோயிங் பெல்ட்’. ஆனால் இழுபடும்போது நீள்வது, நீளாதது என்று இரண்டு சாதி உண்டு. மாற்றிப் பயன்படுத்தினால் கொக்கி போகும்.

நீள்வது நைலான். பட்டையாக நெய்தால் ஸ்நாட்ச் பட்டை. ஐந்தில் ஒரு பங்கு வரை நீளும். கயிறாகப் பின்னினால் கைனெட்டிக் கயிறு; இன்னும் கூட, 30 சதவீதம் வரை. இழுக்கிற வண்டி கொஞ்சம் தொய்வு விட்டு மெல்லக் கிளம்பும். கயிறு நீண்டு விசையைச் சேர்த்துக்கொண்டு, புதைந்த வண்டியை ஒரே சீராகப் பெயர்த்தெடுக்கும். நீளாதது பாலியஸ்டர் பட்டை, இரும்புக் கம்பி வடம், சங்கிலி. இவற்றில் தொய்வு விட்டு வெட்டி இழுத்தால் அத்தனை விசையும் கண நேரத்தில் கொக்கியில் அடிக்கும். கிரேன்காரர்கள் பயன்படுத்தும் தட்டைப் பெல்ட்டும் பாலியஸ்டர்தான். கடையில் ‘நைலான் கயிறு’ என்று கேட்டால் எடுத்துத் தரும் பச்சை, நீலக் கயிறுகளில் பல நைலானே அல்ல, மலிவான வேறு பிளாஸ்டிக். தேரியில் நாங்கள் கட்டியது அதைத்தான்.

எவ்வளவு பலம் வேண்டும்? இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததன் மொத்த எடையை, ஆட்கள் சாமான் சேர்த்து, எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் அறுபடும் பலம் அதைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருந்தால் சரி. அதற்கு மேல் மொத்தமாக வாங்கினால் பாதுகாப்பு கூடும் என்று தோன்றும். நடப்பது வேறு. தடித்த கயிறு லேசான வண்டிக்கு நீளவே நீளாது. காசு கொடுத்துச் சங்கிலி வாங்கிய கதை. ஜிம்னி, ஜிப்ஸிக்கு 19 மில்லிமீட்டர் கைனெட்டிக் கயிறு தாராளம். தார், ஸ்கார்பியோ எடைக்கு 22 மில்லிமீட்டர். ஒன்பது மீட்டர் நீளம் வழக்கம்.

வேகத்தில் கை வைக்காதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் கயிற்றுக்குள் போகும் ஆற்றல் நான்கு மடங்காகும். பத்து கிலோமீட்டரில் வராத வண்டியை இருபதில் இழுக்க ஆசை வரும்போது வண்டியை நிறுத்தி மம்மட்டியை எடுங்கள். இழுக்கும்போது இரண்டு டிரைவர்களைத் தவிர யாரும் வண்டிக்குள் வேண்டாம். வெளியே நிற்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில் நிற்கட்டும். கயிற்றின் நடுவில் ஈரச்சாக்கோ கம்பளியோ போடுவது நல்லதுதான். ஆனால் அதை நம்பி அருகில் நிற்க முடியாது.

கயிற்றைக் கொக்கியோடு இணைக்க ஷாக்கிள். இரும்பு வில் ஷாக்கிளில் எண் வார்க்கப்பட்டிருக்கும்: 3.25, 4.75 என்று. இது அன்றாட வேலைச் சுமை, டன்னில். கயிற்றின் உறையில் எழுதியிருப்பது அறுபடும் சுமை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஷாக்கிள் 4.75, கயிறு 13, ஷாக்கிள்தான் பலவீனம்’ என்று சொல்லும் கூட்டம் உண்டு. நல்ல ஷாக்கிள் தன் மேல் எழுதியதைப்போல் பல மடங்கு தாங்கும்படி செய்யப்படுகிறது. எண்ணே இல்லாத ஷாக்கிளை மட்டும், எவ்வளவு பளபளத்தாலும், வாங்காதீர்கள். பின்னைக் கையால் இறுக்கி, கால் திருகு தளர்த்தி விடுங்கள். இல்லையென்றால் இழுத்த பிறகு கழற்ற ஸ்பேனர் தேட வேண்டிவரும்.

நான் இப்போது இரும்பை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு மென்கயிறு ஷாக்கிள் வைத்திருக்கிறேன். கைப்பிடி எடைகூட இருக்காது, ஏதாவது பிய்ந்தாலும் பறக்க இரும்பு இல்லை. கூரான விளிம்புள்ள கொக்கியிலும் சூடான சைலன்சர் அருகிலும் அதை மாட்டக்கூடாது. அங்கே இரும்புதான் போக வேண்டும். இரண்டு கயிறுகளை ஷாக்கிள் போட்டு நீட்டாதீர்கள். நடுவில் இருக்கும் ஷாக்கிளை எந்தக் கொக்கியும் பிடித்திருக்கவில்லை.

வின்ச்

பத்தில் ஒன்பது பேருக்குத் தேவையில்லை. தனியாக, மரம் உள்ள சேற்று மலைப்பாதைகளில் அடிக்கடி போகிறவருக்குத் தேவை. வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவை என்பது விதி. பெட்டியில் எழுதியிருக்கும் இழுவை, டிரம்மில் கயிறு ஒரே அடுக்கு மட்டும் மிச்சமிருக்கும்போது கிடைப்பது. டிரம் நிறைய இருந்தால் இழுவை கணிசமாகக் குறையும். ஒரு கப்பியைப் போட்டு கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

மாட்டும் இடம் இன்னொரு தலைவலி. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம், புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மாநிலங்களுக்கு எழுதியது. வின்ச்சோடு வரும் கனத்த பம்பர் ஊர்ச் சாலையில் இந்தக் கண்ணில்தான் படும். ஜிம்னி போன்ற லேசான வண்டியின் மூக்கில் முப்பது கிலோவைத் தொங்கவிட்டால் முன் சஸ்பென்ஷனும் முனகும்.

வின்ச் வாங்காவிட்டாலும், மரத்தைச் சுற்ற ஒரு தட்டைப் பெல்ட் வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் வண்டியில் வின்ச் இருந்தால் பயன்படும். மேலே பழித்த கிரேன் பெல்ட் இங்கே உதவும், நீளாமல் இருப்பதுதான் இங்கே வேண்டும். பச்சை நிறம் 2 டன், மஞ்சள் 3 டன். கம்பியையோ கயிற்றையோ நேராக மரத்தில் சுற்றினால் பட்டை வெட்டுப்படும், மரம் செத்துப்போகும். அடிமரத்தில், தரையை ஒட்டிக் கட்டுங்கள்.

டிராக்டர் அண்ணனிடம் என்ன சொல்வது

நம் ஊரில் பெரும்பாலான மீட்புகள் பக்கத்துத் தோட்டத்து டிராக்டரால்தான் நடக்கின்றன. அவர் சங்கிலியோடு வருவார், அதை எங்கே மாட்டுவது என்று கேட்காமல் முன் ஆக்சிலில் சுற்றுவார். தடுத்து, “அண்ணே, நம்ம பெல்ட்டும் ஷாக்கிளும் இருக்கு, கொக்கியில மாட்டித் தர்றேன். வெட்டி இழுக்காதீங்க, இறுக்கிட்டு லோ கியர்ல மெதுவா வாங்க” என்று சொல்லுங்கள். டிராக்டருக்குக் கைனெட்டிக் கயிறு வேண்டாம். எடையும் பிடிப்பும் அதனிடமே இருக்கிறது. நீளாத பாலியஸ்டர் பட்டை போதும். அதனால்தான் என் பையில் கைனெட்டிக் கயிற்றோடு ஐந்து மீட்டர் பட்டை ஒன்றும் கிடக்கிறது. கூலியை மாட்டும் முன்பே பேசிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் டீசலுக்காவது கொடுங்கள்.

ஆக, காசு கொஞ்சம்தான் என்றால் வாங்கும் வரிசை இது: மம்மட்டி, கேஜ், கம்ப்ரெஸர், நீளாத பட்டை ஒன்று, எண் பொறித்த ஷாக்கிள் இரண்டு, கையுறை. அடுத்த சம்பளத்தில் பலகை. நண்பர்கள் இரண்டு மூன்று வண்டிகளாகக் கிளம்பும் பழக்கம் வந்த பிறகு கைனெட்டிக் கயிறு. அதுவும் ஆளுக்கொன்று வேண்டாம், கூட்டத்துக்கு இரண்டு இருந்தால் போதும்.

இவையெல்லாம் டிக்கியில் பெட்டி படுக்கைக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. வண்டி பின்பக்கமாகக் கால்வாயில் இறங்கி நிற்கும்போது டிக்கி திறக்காது. கயிறும் ஷாக்கிளும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பையில் இருக்கட்டும். மம்மட்டியைக் கட்டிவையுங்கள், மேடு பள்ளத்தில் அது எகிறி யார் தலையிலாவது விழக்கூடாது.

வீடு திரும்பியதும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நைலான் ஈரத்தில் பலம் குறையும், உள்ளே தங்கும் மணல் ஒவ்வொரு இழுப்பிலும் இழைகளை அறுக்கும். நிழலில் உலர்த்துங்கள், வெயில் ஆகாது. உலரும்போது முழு நீளத்தையும் உள்ளங்கையில் ஓடவிட்டுப் பாருங்கள். எங்காவது வெட்டு, கருகல், தட்டையாகிப்போன இடம் தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றை மொட்டைமாடியில் துணி காயப்போடக் கட்டிவிடுங்கள்.